சிவப்பு வட்டம் போடச் சொல்கிறவர்களுக்கு

“ஸ்கிரீன்ஷாட் இருக்கா?”

ஒரு பெண் வாய் திறந்து புகார் சொன்னதும் முதலில் வந்து விழுகிற கேள்வி இப்போது இதுதான். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். தோழிகள் கேட்கிறார்கள், துறைத்தலைவர் கேட்கிறார், காவல் நிலையத்தில் கேட்கிறார்கள், புகார்க் குழுவில் கேட்கிறார்கள், முகநூலில் முன்பின் தெரியாதவர்கள் உரிமையோடு கேட்கிறார்கள். இருக்கிறது என்று அவள் எடுத்து நீட்டினால் அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கிறது: “இதெல்லாம் எடிட் பண்ணலாமே.” அந்தக் கேள்விக்கும் இந்த வாக்கியத்துக்கும் நடுவில்தான் நம் பெண்கள் நிற்கிறார்கள், கையில் கலர் பிரிண்டோடு.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. ஆகவே, கணினியில் விண்டோஸோடு சேர்ந்தே வருகிற, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாத, ஸ்னிப்பிங் டூல் என்கிற சின்னக் கருவியையும் பற்றியது. தமிழ் நடத்துகிறவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பனுவலை எப்படிப் படியெடுப்பது, அதன்மீது எப்படிக் குறிப்பு எழுதுவது, எது மூலம், எது பின்னால் வந்து ஒட்டியது என்பதுதான் நான் படித்த படிப்பு. வேலை இருக்கிறது.

விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கும். சுட்டி கூட்டல் குறியாக மாறும். வேண்டிய இடத்தை இழுத்துச் சுற்றினால் அது படமாகிவிடும். செவ்வகமாக வெட்டலாம், கைபோன போக்கில் வெட்டலாம், ஒரு சாளரத்தை மட்டும் எடுக்கலாம், முழுத்திரையையும் எடுக்கலாம். எடுத்த படத்தைத் திறந்தால் மேலே பேனா, ஹைலைட்டர், அழிப்பான், வெட்டும் கருவி எல்லாம் வரிசையாக இருக்கும். ஆப்பிள் கணினியில் ஷிஃப்ட், கமாண்ட், 5. விஸ்டா வந்த 2007 முதல் இது விண்டோஸ் பெட்டிக்குள் இருக்கிறது. “சார், இந்த எர்ரர் வருது” என்று அலுவலகத்தில் காட்டவும், பாடக்குறிப்பில் ஒரு வரைபடத்தை ஒட்டவும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 இதன் பக்கத்திலேயே ‘ஸ்னிப் அண்ட் ஸ்கெட்ச்’ என்று புதுப்பேனாக்களோடு இன்னொரு செயலியையும் கொடுத்தது. அதே அக்டோபரில்தான் பத்திரிகை, சினிமா, இலக்கியம் என்று துறைதுறையாக இந்தியப் பெண்கள் தங்களுக்கு வந்த செய்திகளைப் படமெடுத்துப் பொதுவில் வைத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. இருந்தாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவில் இருக்கின்றன.

அதற்கு ஓராண்டு முன்பு, 2017 அக்டோபரில், ராயா சர்கார் கல்வித்துறை ஆண்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். என்ன நடந்தது என்ற விவரம் அதில் இல்லை என்பதே முதல் எதிர்ப்பு. முறையான விசாரணை வழியே போகவேண்டும் என்று மூத்த பெண்ணியவாதிகள் சிலரே கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். இளம் பெண்கள் பலருக்கு அது முதுகில் குத்தியதுபோல் இருந்தது. அந்தச் சண்டையில் இருபக்கமும் பேச நியாயம் இருந்தது. இப்போது அதற்குள் நான் போகவில்லை. ஆனால் சண்டை வடிந்தபின் தங்கிய வண்டல் ஒன்று உண்டு. பெயர் சொன்னால் போதாது, படம் காட்டு. 2018இல் பெண்கள் படத்தோடு வந்ததற்கு இது ஒரு காரணம். படத்தோடு வந்தவர்களைப் பார்த்து, படமில்லாதவர்களை நம்பாமல் இருக்கப் பழகிக்கொண்டதும் அப்போதுதான்.

படமில்லாதவர்கள் யார்? கை வைத்தவனிடம் சிக்கியவள். அறைக் கதவைச் சாத்தியவனிடம் சிக்கியவள். எழுத்தில் எதையும் வைக்காத அளவுக்குக் கெட்டிக்காரனிடம் சிக்கியவள். வீட்டுவேலைக்குப் போகிறவள், கட்டட வேலைக்குப் போகிறவள். பத்திரிகையாளர் பிரியா ரமணி சொன்னது 1993இல் நடந்ததை. அப்போது எந்தத் திரையைப் படமெடுத்திருக்க முடியும்? முன்னாள் மத்திய அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல்லாண்டு கழித்தும், தான் விரும்பும் எந்தத் தளத்திலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. நீதிமன்றத்துக்குப் புரிந்த ஒன்று நம் பணியாளர் அறைகளுக்கு இன்னும் புரியவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் தனி விதிமுறை போட்டது. மாணவிகளும் அதில் வருகிறார்கள். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 2013ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வரி இருக்கிறது: புகாரை ஆறு பிரதிகளாக, துணை ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் தரவேண்டும். ஆறு பிரதிகள். ஒருவன் இரவு பதினொன்றே முக்காலுக்கு அனுப்பியதை அவள் ஆறுமுறை அச்சடித்து, ஆறுமுறை ஸ்டேப்ளர் பின் அடிக்கவேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரரும் வரிசையில் அடுத்து நிற்கிற பையனும் பார்க்கத்தான் செய்வார்கள்.

இந்த ஆறு பிரதிகளை எல்லாப் புகார்க் குழுக்களும் மனப்பாடமாக வைத்திருக்கின்றன. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவை மறந்துவிடுகின்றன. விசாரணைக்காக உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்களை அந்தப் பிரிவு குழுவுக்குக் கொடுக்கிறது. ஆளை அழைத்து உறுதிமொழியின்மேல் விசாரிக்கலாம். ஆவணங்களை முன்னால் கொண்டுவந்து வைக்கச் சொல்லி உத்தரவிடலாம். அதாவது, “உங்கள் கைபேசி உரையாடலை முழுதாகக் கொண்டுவாருங்கள்” என்று அவரிடம் சொல்லலாம். கல்லூரி மின்னஞ்சல் கணக்கின் பதிவுகளைக் கணினிப் பிரிவிடம் கேட்கலாம். அப்படிக் கேட்ட குழு ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. இருபது ஆண்டுக்குமேல் சீனியரான ஒருவரிடம் போய் “போனைக் கொடுங்க சார்” என்று யார் கேட்பது? ஆகவே முதலாமாண்டுப் பெண்ணிடம் கேட்கிறார்கள்.

சிலப்பதிகாரம் நடத்தும்போது வழக்குரை காதையில் ஓரிடத்தில் நான் எப்போதும் நிறுத்துவேன். கோவலனைக் கொல்ல ஒரு பொற்கொல்லனின் வாய்ச்சொல் போதுமாக இருந்தது. அங்கே யாரும் ஆதாரம் கேட்கவில்லை. கண்ணகி வந்த பிறகுதான் சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற பேச்சே எழுகிறது. ஆனாலும் அந்தப் பாண்டியன் ஒன்றைச் செய்தான். தன் பக்கம் இருந்த சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி அவள்முன் வைத்தான். ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கொண்டுவரவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நம் குழுக்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அதற்குமேல் அந்த அரசன் செய்ததைச் செய்யச் சொல்லவில்லை.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆய்வு மாணவி, எந்த ஊர், எந்தத் துறை என்பது இங்கே தேவையில்லை. தன் நெறியாளரின் செய்திகளைப் பென்டிரைவில் எடுத்து வந்திருந்தாள். மொத்தம் 43 படங்கள். குழுவில் இருந்த அம்மையார் நல்லவர்தான். “இவ்வளவையும் உக்காந்து பாக்க முடியாதும்மா. முக்கியமானதுல மட்டும் சிவப்புல வட்டம் போட்டு, நம்பர் போட்டு, பிரிண்ட் எடுத்துக் குடு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் என் துறைக் கணினியில் இரண்டு மதியம் உட்கார்ந்தாள். “மேம், எதுல வட்டம் போடறது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அந்தக் குழுவில் ஒருவரிடமும் பதில் இருந்திருக்காது. “சாப்டாச்சா?” இதில் வட்டம் போடுவதா? “ஆன்லைன்லதான இருக்க, ஏன் ரிப்ளை இல்ல?” இதிலா? “அந்தப் பச்சைச் சுடிதார் உனக்கு நல்லா இருக்கு.” “சேப்டர் கரெக்‌ஷன் வீட்டுக்கு வந்தா நிதானமா பாக்கலாம்.” “வீட்ல யாரும் இல்ல, அதனால டிஸ்டர்பன்ஸ் இருக்காது.” ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விளக்கம் உண்டு. 43ஐயும் வரிசையாக, நேரத்தோடு படித்தால் விளக்கம் கிடையாது. துன்புறுத்தல் சேர்ந்து சேர்ந்துதான் உருவாகிறது. வட்டம் அதில் ஒரு துண்டை மட்டும் தனியே பிரித்து எடுக்கிறது. குற்றத்தை ஒரே வரியில் காட்டு என்கிறது. அப்படி ஒரு வரியை எழுதிக் கொடுக்கிற முட்டாள் மிகக் குறைவு. முனைவர் பட்டம் வாங்கியவர்களில் இன்னும் குறைவு.

அந்த இரண்டு மதியமும் அவள் செய்தது என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை வாங்கிக்கொண்டதை மறுபடி படிப்பது. எது அதிக அசிங்கம் என்று தானே தரம் பிரிப்பது. சுட்டியைப் பிடித்து வட்டம் வரைவது; சுட்டியில் வட்டம் ஒழுங்காக வராது, கோணும், அழித்து மறுபடி போடுவது. ஓரத்தில் ‘1அ’, ‘1ஆ’ என்று எண் போடுவது. குமாஸ்தா வேலை. தன் அவமானத்துக்குத் தானே குமாஸ்தா. அந்த நாட்களில் அவள் ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

நெறியாளர் தரப்பிலிருந்து இரண்டே படங்கள் வந்தன. ஒன்றில் அவள் “தேங்க்யூ சார்” என்று போட்டு, பக்கத்தில் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தாள். இன்னொன்றில் “குட் நைட் சார்”. இரண்டிலும் நீல வட்டம், பளிச்சென்று. முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எடிட் பண்ணியதா என்றும் கேட்கவில்லை. பெண் போட்ட சிரிப்புப் பொம்மை சம்மதம் என்று படிக்கப்படுகிறது. ஆறுமாத முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டிய கை யாருடையதோ, அவருக்கு எந்த ஆய்வு மாணவி பொம்மை போடாமல் பதில் எழுதுவாள்? ஊதியத் தொகைக்கும் அந்தக் கையெழுத்துதான் வேண்டும். வீட்டில் மாமனார், மைத்துனர் முன்னால் சிரித்துச் சமாளிப்பதுபோல இங்கும் சிரித்துச் சமாளிக்கிறோம். அந்தப் பொம்மையைச் சுற்றி வட்டம் போட்டவர்களுக்கு இது தெரியாததல்ல. அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

அவள் நெறியாளரை மாற்றிக்கொண்டாள். அவர் அதே அறையில் அதே நாற்காலியில் இருக்கிறார்.

“ஆதாரம் போதவில்லை” என்று எழுதி முடித்துவிட்டால் அவள் பொய் சொன்னாள் என்று பொருள் வராது. இதை மாணவிகள் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். பொய்ப்புகாருக்கு நடவடிக்கை எடுக்கலாம் என்கிற 14ஆம் பிரிவைக் காட்டித்தான் பல இடங்களில் மிரட்டுகிறார்கள். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மேலும், புகார்க் குழு குற்றவியல் நீதிமன்றம் கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் அங்கே வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

இப்படியெல்லாம் சொன்ன பிறகும், படம் எடுக்காதே என்று நான் ஒருத்திக்கும் சொல்லமாட்டேன். எடு. குழுக்கள் திருந்துகிறவரை காத்திருக்க நம்மால் முடியாது. ஆனால் அவர்கள் சொல்கிற விதத்தில் எடுக்காதே. இங்கேதான் என் ஏட்டுச்சுவடிப் படிப்பு உதவுகிறது.

சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. உரையோடு கூடிய சுவடியென்றால் மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதே பெரும்பாடு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது பட்ட பாடுகளில் இதுவும் ஒன்று. ஒருவர் ஓரத்தில் எழுதிய குறிப்பை அடுத்துப் படியெடுத்தவர் உள்ளே சேர்த்துவிட்டால் முடிந்தது. பிறகு ஒட்டுமொத்தப் பாடத்தின்மீதும் சந்தேகம் விழும். ஸ்கிரீன்ஷாட்டிலும் நடப்பது இதுவே. நீ போட்ட சிவப்பு வட்டம் மூலத்தின்மேல் ஏறிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது: “இந்தப் படத்தில் நீங்கள் திருத்தம் செய்திருக்கிறீர்கள், சரிதானே?”

ஆகவே மூலம் வேறு, உரை வேறு. எடுத்த படத்தை அப்படியே ஒரு கோப்புறையில் போடு. விண்டோஸ் 11 தானாகவே படங்கள் கோப்புறைக்குள் ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’ என்ற இடத்தில் நாளும் நேரமும் கொண்ட பெயரில் சேமித்துவிடும். அந்தப் பெயரை மாற்றாதே. அங்கிருந்து ஒரு நகல் எடு. வட்டம், அம்பு, எண், மஞ்சள் கோடு எல்லாம் நகலில் மட்டும். வெட்டிச் சின்னதாக்குவதும் நகலில் மட்டும். குழு வட்டம் கேட்டால் நகலைக் கொடு. கூடவே 43ஐயும் கொடு. “வட்டம் போட்டவை வழிகாட்டி மட்டுமே, முழு வரிசையையும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று புகாரில் ஒரு வரி எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு.

முழுத்திரையாக எடு, கீழே மூலையில் தேதியும் நேரமும் விழும். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்து எடுத்தால், அவர் பெயரை அழுத்தி எண் தெரிகிற பக்கத்தையும் தனியாக எடு. ‘ஆர்.கே. சார்’ என்று நீ சேமித்த பெயர் மட்டும் இருக்கிற படம் எதையும் காட்டாது. யார் எண்ணையும் யார் பெயரிலும் சேமிக்கலாம். “எடிட் பண்ணலாமே” என்பவர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான். அடுத்த படம் முந்தைய படத்தின் கடைசி இரண்டு வரியில் தொடங்கட்டும். நடுவில் எதையும் உருவவில்லை என்று அப்போதுதான் தெரியும். உன் பதில்களையும் விடாதே, சிரிப்புப் பொம்மை உட்பட. நீ விட்டால் அவர்கள் கொண்டுவருவார்கள். செய்தி வந்த கைபேசியை விற்காதே, புதிது வாங்கினாலும் பழையதை வைத்திரு. படத்தைவிட அதுதான் பெரிய மூலம்.

வழக்கு நீதிமன்றம் போனால் இன்னொரு படி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியச் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்திருக்கிறது. (நம் மாநிலத்துப் பெண் தன் சாட்சியத்தைச் சொல்லப் போகிற சட்டத்தின் பெயரை முதலில் உச்சரித்துப் பழகவேண்டும்.) பழைய 65பி இப்போது 63ஆம் பிரிவு. மின்னணு ஆவணத்தின் நகலைக் கொடுத்தால் கூடவே சான்றிதழ் வேண்டும். இரண்டு பகுதி, ஒன்று கொடுப்பவர் எழுதுவது, மற்றது நிபுணர் எழுதுவது. அதில் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிடவேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்கு ஒரு கைரேகை மாதிரி. பவர்ஷெல் சாளரத்தில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வரும். படத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்துச் சேமித்தாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும். எடுத்த அன்றே அதைக் குறித்துத் தோழி ஒருத்திக்கு மின்னஞ்சலில் அனுப்பிவை. சான்றிதழுக்கு வழக்கறிஞர் வேண்டும், நிபுணர் வேண்டும், காசும் வேண்டும். ஆனால் மூலத்தைக் கெடுக்காமல் வைத்திருக்க எதுவும் வேண்டாம்.

மறைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். வட்டத்தைவிட எனக்கு அதில்தான் பயம் அதிகம். வாட்ஸ்அப்பை முழுத்திரையாக எடுத்தால் இடப்பக்கம் மற்ற உரையாடல்களின் பட்டியலும் வந்துவிடும்: அம்மா, அறைத்தோழி, ‘ஹாஸ்டல் கேர்ள்ஸ்’ குழு, அவரவர் முகப்படம். மூலத்தில் அது இருக்கட்டும். வெளியே போகிற நகலில் இருக்கக்கூடாது. பலர் ஹைலைட்டரில் கறுப்பைத் தேர்ந்தெடுத்து நாலுமுறை தேய்த்துவிட்டு மறைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஹைலைட்டர் மை ஒளி ஊடுருவுவது. படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் அடியிலிருக்கும் பெயர் எழுந்து வரும். உள்ளே முழுக்க நிறம் நிரப்பிய கறுப்புக் கட்டம்தான் போடவேண்டும். ஸ்னிப்பிங் டூலில் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் தானே கண்டுபிடித்து மறைக்கிற வசதி இப்போது இருக்கிறது. பெயரை அது மறைக்காது.

வெட்டி எறிந்ததும் போய்விடாது என்று 2023 மார்ச்சில் தெரிந்தது. ஸ்னிப்பிங் டூலில் ஒரு படத்தைத் திறந்து, ஓரத்தை வெட்டி, அதே பெயரில் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தெரிந்தவர்கள் அதிலிருந்து வெட்டிய பகுதியில் கொஞ்சத்தையாவது மீட்டெடுக்க முடிந்தது. கூகுள் பிக்ஸல் கைபேசிகளிலும் இதே ஓட்டை. மைக்ரோசாஃப்ட் அந்த மாதமே சரிசெய்தது. ஆனால் அதற்குமுன் வெட்டி அனுப்பிய கோப்புகளைப் போய் யாரும் சரிசெய்ய முடியாது. தோழியின் பெயரை வெட்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தவர்கள் எத்தனை பேரோ. பழைய படங்களை அனுப்புவதானால், அதைத் திரையில் திறந்துவைத்து அதையே புதிதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

பெண்கள் இவ்வளவு நுட்பமாகக் கறுப்புக் கட்டம் போடக் கற்றுக்கொள்கிறபோது அரசு என்ன செய்தது? 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாக வன்கொடுமை வழக்கில், மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து கைபேசி கைபேசியாக ஓடியது. சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் அதே 25 லட்சம். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டுவரை சிறை என்று பழைய சட்டத்தின் 228ஏ பிரிவும் சொன்னது, புதிய சட்டத்தின் 72ஆம் பிரிவும் சொல்கிறது. முதலாமாண்டுப் பெண்ணுக்கு வட்டம் போடத் தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள், ஒரு பெயரின்மீது கட்டம் போடத் தெரியாத இந்த அலுவலகங்களை ஒருமுறையாவது சலித்துக்கொண்டதுண்டா?

இதே விசை எதிர்ப்பக்கமும் அழுத்தப்படுகிறது. பெண்ணின் முகப்படத்தை எடுத்து ஆண்கள் குழுவில் போட்டு மதிப்பெண் போடுகிறார்கள். பிரிந்த காதலன் பழைய உரையாடலை எடுத்துவைத்து மிரட்டுகிறான். 2017இல் ஃபேஸ்புக், இந்தியப் பெண்களுக்கென்று சொல்லி, முகப்படத்துக்கு ஒரு நீலக் கவசம் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு செயலியில் அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. கணினியில் எடுக்க முடிந்தது. விண்டோஸ், ஷிஃப்ட், எஸ். 2022இல் வாட்ஸ்அப் ஒருமுறை மட்டும் பார்க்கிற படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவிடாமல் தடுத்தது. தான் அனுப்பிய படம் பரவாது என்று ஒருத்திக்கு அது பாதுகாப்பு. தனக்கு வந்த ஆபாசத்தைப் பதிந்துவைக்க முடியாத இன்னொருத்திக்கு அது கதவடைப்பு. அவள் வேறொரு கைபேசியால் அந்தத் திரையைப் படம் பிடிக்கவேண்டியிருக்கிறது. இரண்டுமே உண்மை. தடையை எடு என்றோ போடு என்றோ ஒரே வரியில் சொல்ல என்னால் ஆகாது. கருவி யார் கையில் எதற்கு இருக்கிறது என்பதை ஒவ்வொருமுறையும் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அப்படிப் பார்க்கிற பொறுமை புகார்க் குழுக்களுக்கு இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருந்திருக்காது.

கல்லூரிகளில் ஆண்டுதோறும் ‘சைபர் விழிப்புணர்வு’ கூட்டம் நடக்கிறது. பேச வருகிற அதிகாரி மாணவிகளைப் பார்த்து, “உங்க போட்டோவை யாருக்கும் அனுப்பாதீங்கம்மா, முன்பின் தெரியாதவங்ககிட்ட பேசாதீங்கம்மா” என்கிறார். நன்றியுரை, தேநீர், சமோசா. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாணவர்களிடம் “அனுப்பாதே” என்று யாரும் சொல்வதில்லை. எப்படிப் பதிந்துவைப்பது, மூலத்தை எப்படிக் காப்பது, 11ஆம் பிரிவில் என்ன இருக்கிறது என்று எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. பத்துக் கூட்டமாவது உட்கார்ந்திருப்பேன்.

புகார்க் குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்வது இது. வட்டம் போட்டு வரச் சொல்லாதீர்கள். 43 படம் என்றால் 43ஐயும் படியுங்கள். ஒரு மணிநேரம்கூட ஆகாது, விடைத்தாள் திருத்துவதைவிட லேசு. ஆறு பிரதி வேண்டுமென்றால் அவள் கொடுக்கிற ஒன்றிலிருந்து உங்கள் அலுவலக எந்திரத்தில் பூட்டிய அறைக்குள் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எடிட் செய்யப்பட்டது என்று தோன்றினால், அதே உரையாடல் அவர் கைபேசியிலும் இருக்கிறது. கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு சுவடி கிடைத்தால் பாடத்தை ஒப்பிடாமல் யாராவது பதிப்பிப்பார்களா? அவர் அழித்துவிட்டேன் என்றால், எப்போது, ஏன் என்று கேட்டு அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

கணினி ஆய்வகத்தை வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணிநேரம் மாணவிகளுக்காகக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். நோக்கம் என்ற இடத்தில் ‘படியெடுத்தலும் குறிப்பெழுதுதலும்’ என்று எழுதினேன். சுவடியியல் பயிற்சியா மேடம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.